சுரம் சரி, பாட்டு எங்கே? மலையாளப் பாடல்களும் சாக்ஸபோனும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஆல்ட்டோ சாக்ஸபோனை மேற்கத்திய முறையில் படித்து, கிரேடு தேர்வுகளும் எழுதியிருக்கிறீர்கள். யேசுதாஸும் சித்ராவும் பாடிய மலையாளப் பாடல்களின் மேல் பித்து. நோட்டேஷனைப் பார்த்து வாசித்தால் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஆனாலும் வீட்டில் இருக்கும் மலையாளி நண்பர் “பாட்டு தெரிகிறது, ஆனால் பாட்டாக இல்லை” என்கிறார். கேரளத்துக் கலைஞர்கள் வாசிக்கும் காணொளிகளில் மட்டும் அது எப்படிப் பேசுகிறது? அவர்களுக்கு ஜாஸ் பாரம்பரியம் இருக்கிறதா, கருவி வேறா, ஆல்ட்டோவை விட்டு, அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் டெனர் சாக்ஸபோனுக்கு மாற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு சுரத்தை விட்டு அடுத்த சுரத்துக்குப் போகும் வழியில் என்ன செய்வது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நோட்டேஷன் அதைச் சொல்லாது.

யார் சொல்கிறான் என்று தெரிந்தால்தானே எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்? நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். தேவாலய பேண்ட் செட்டில் கிளாரினெட்டில் தொடங்கி, ஒரு நாகஸ்வர வித்வானிடம் கர்நாடக சங்கீதம் கற்று, பிறகு நெடுங்காலம் திருவனந்தபுரத்துக் கானமேளா குழுக்களில் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்தவன். ஜாஸ் கேட்பேன், வாசிக்க வராது. ஆகவே மனோதர்மமாக ஜாஸ் முறையில் விரித்து வாசிப்பது பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். பாட்டைப் பாட்டாக வாசிப்பது பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஜாஸ் பாரம்பரியம் என்ற ஊகத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1930களிலிருந்தே ஓட்டல்களில் ஜாஸ் குழுக்கள் இருந்தன. அங்கே சாக்ஸபோன் வாசித்த கோவாக்காரர்களும் மற்றவர்களும் பின்னர் இந்தித் திரை இசைக்குள் வந்தார்கள். கேரளத்தின் கதை வேறு. அங்கே இந்தக் கருவி பழகியது ராணுவ, போலீஸ் பேண்டுகளின் வழியாகவும், அதைவிட அதிகமாகத் தேவாலயப் பெருநாள்களின் பேண்ட் செட் வழியாகவும். திருச்சூர் பக்கம் பெருநாள் ஊர்வலத்தில் ஒரு தடவை நின்று பார்த்தால் புரியும். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் முன்னே, சாக்ஸபோன் நடுவே, யூஃபோனியமும் பெரிய டிரம்மும் பின்னே. வாசிப்பது பெரும்பாலும் பக்திப் பாட்டும் சினிமாப் பாட்டும். கேரளப் பள்ளிக் கலோற்சவத்தில் பேண்ட் மேளம் இன்றும் ஒரு போட்டிப் பிரிவு. இந்த வழியில் வந்தவன் முதல் நாளிலிருந்தே பாட்டுக்காரனின் குரலைத்தான் வாசிக்கிறான். ஸ்கேல் பயிற்சி பிறகுதான் வரும். நீங்கள் வந்த வழி நேர் எதிரானது. அதில் குறை ஒன்றுமில்லை, விரல் சுத்தமாக இருக்கும். ஆனால் காது எங்கே போகப் பழகியிருக்கிறதோ அங்கேதான் ஊதுபவனின் தாடையும் போகும்.

அடுத்த படி கானமேளா. கோயில் உற்சவத்திலும் பெருநாளிலும் இரவு மேடையில் முழு வாத்தியக் குழுவோடு சினிமாப் பாட்டுகளைப் பாடும் வழக்கம் இது. அங்கே சாக்ஸபோன்காரனுக்குத் தனி வேலை கிடையாது. அவனேதான் புல்லாங்குழலும் வாசிப்பான், தேவைப்பட்டால் கிளாரினெட்டும் எடுப்பான். மெல்லிசைப் பாட்டு வந்தால் குழல், ‘அடிபொளி’ப் பாட்டு, அதாவது துள்ளலான பாட்டு வந்தால் சாக்ஸ். குழல் வாசிக்கும் கைக்குத் துளையை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து சுரத்தை வழுக்கிவிடும் பழக்கம் ஊறியிருக்கும். அந்தக் கை சாக்ஸபோனைத் தொடும்போது அதே வழுக்கலை எப்படியாவது தேடிக்கொள்ளும். நீங்கள் காணொளிகளில் கேட்டு வியக்கும் சங்கதிகளில், அதாவது வரியை நெளித்து அழகுபடுத்தும் இடங்களில், பாதி இப்படி வந்தவை என்பது என் கணிப்பு. கணிப்புதான், ஆராய்ச்சி அல்ல.

திரைப்பாடல்களின் பக்கம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பல பத்தாண்டுகள் மலையாளப் பாடல்கள் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாயின. 1980இல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஸ்டூடியோவைத் தொடங்கிய பிறகுதான் பதிவுகள் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தன. காலையில் தமிழ்ப் பாட்டுக்கு வாசித்த அதே ரீட் கலைஞர் (சாக்ஸபோன், கிளாரினெட் போல நாணல் தகடு வைத்து ஊதும் கருவிக்காரர்) மாலையில் மலையாளப் பாட்டுக்கும் வாசித்திருப்பார். எனவே ‘மலையாள சாக்ஸபோன் பாணி’ என்று தனியாக ஒன்று ஒலித்தட்டுகளில் இருப்பதாக யாராவது சொன்னால் சற்றுச் சந்தேகத்தோடு கேளுங்கள். பழைய இசைத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர் இருக்கும். ஊதியவர் பெயர் இருக்காது. இன்றைக்கு எம்3டிபி என்ற மலையாளப் பாடல், திரைப்படத் தகவல் தளம் போன்ற இடங்களில் ஆர்வலர்கள் வாத்தியக்காரர்களின் பெயர்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ‘மலையாளத்தில் முதன்முதலில் சாக்ஸபோன் வாசித்தவர் இவரே’ என்று அடித்துச் சொல்லும் பதிவுகள் எல்லாம் நினைவின் அடிப்படையில் எழுதப்பட்டவை என்று கொள்வது நல்லது.

சலில் சௌதுரியை மட்டும் குறிப்பிட்டே ஆக வேண்டும். கல்கத்தாவிலிருந்த மனோகரி சிங்கை பம்பாய்க்கு அழைத்தவர் அவர்தான், ஆர்.டி. பர்மனின் வலக்கையாக இருந்து இந்தித் திரை இசையில் சாக்ஸபோனுக்கு ஒரு முகம் தந்தவர் மனோகரி சிங். அதே சலில்தான் 1965இல் வெளியான ‘செம்மீன்’ படத்துக்கு இசையமைத்து, பாட்டுக்குப் பின்னால் வாத்தியங்கள் தனிக் குரலாகப் பேச முடியும் என்று கேரளத்துக்குக் காட்டினார். அதற்குப் பின் வந்த இசையமைப்பாளர்களில் ஷ்யாமும் வயலின்காரர், ஔசேப்பச்சனும் வயலின்காரர். திருச்சூர் நெல்லிக்குன்று தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்த ஜான்சன், ‘வாய்ஸ் ஆஃப் திருச்சூர்’ குழுவை நண்பர்களோடு உருவாக்கிவிட்டு, இசையமைப்பாளர் தேவராஜனின் கைப்பிடித்துச் சென்னைக்கு வந்தவர். மேடையிலும் ஸ்டூடியோவிலும் வாத்தியம் வாசித்தவர்கள் இசையமைப்பாளர்களானதால், மலையாளத்தில் இடையிசை வெறும் நிரப்பாக இல்லாமல் பாட்டின் ஒரு பகுதியாகவே நின்றது. ஆனாலும் சாக்ஸபோனுக்கு வெகுகாலம் கிடைத்தவை மற்ற மொழிப் படங்களில் கிடைத்த அதே வேடங்கள்தான்: மதுக்கூடம், வில்லனின் மாளிகை, இரவில் தனியாக நடக்கும் ஆள். வீட்டு வாசற்படி, வயல், ஆறு என்றால் குழலும் வயலினும் வந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1980களின் கடைசியிலிருந்து 1990கள் முழுக்க நீங்கள் ‘சாக்ஸ்’ என்று கேட்பதில் கணிசமானது கீபோர்டு. 1988இல் வந்த கோர்க் எம்1 போன்ற கருவிகளுக்குப் பிறகு, ஒரு துண்டு இசைக்காக ரீட் கலைஞரை வரவழைக்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு சுரமும் ஒரே விதமாகத் தொடங்கினால், மூச்சு எடுக்க இடமே விடாமல் வரி நீண்டுகொண்டே போனால், வழுக்கல்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஏறி இறங்கினால், அது கீபோர்டு. உண்மையான ரீட் என்றால் வாக்கியத்தின் தொடக்கத்தில் காற்று கொஞ்சம் முந்திக்கொண்டு வரும், தாழ்ந்த சுரங்கள் கனத்தும் மேல் சுரங்கள் மெலிந்தும் இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பலர் அந்தக் கீபோர்டு வழுக்கலை உதாரணமாக வைத்துக்கொண்டு உண்மையான சாக்ஸபோனில் பயிற்சி செய்கிறார்கள். அதனால்தான் பாதிக் காணொளிகள் கீபோர்டு மாதிரியே ஒலிக்கின்றன.

கர்நாடக சங்கீதத்துக்கு சாக்ஸபோன் வருமா என்ற கேள்வி கத்ரி கோபால்நாத்தோடு முடிந்துவிட்டது. 1949இல் மங்களூர் அருகே நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, நாகஸ்வரத்தை வைத்துவிட்டு அதை எடுத்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி பிராம்ஸ் மேடை. அதே ஆண்டு ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘டூயட்’ படம் வந்து அவருடைய ஊதல் தெருவெல்லாம் கேட்டது. 2004இல் பத்மஸ்ரீ, 2019 அக்டோபரில் மறைவு. இதெல்லாம் பலருக்கும் தெரியும். நான் சுட்ட விரும்புவது அந்தக் குருவின் ஊரை. டி.வி. கோபாலகிருஷ்ணன் கேரளத்துத் திருப்பூணித்துறைக்காரர். செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர், அவருக்கு மிருதங்கமும் வாசித்தவர். யேசுதாஸும் செம்பையின் சீடர். அதாவது நீங்கள் வாசிக்க விரும்பும் குரலும், இந்தக் கருவியைக் கர்நாடக மேடையில் நிலைநிறுத்திய ஊதலும் பாலக்காட்டுச் செம்பை என்ற ஒரே பாடாந்தரத்தை, அதாவது ஒரே குருவழிப் பாடமுறையைத் தொட்டு வருகின்றன. செம்பையின் பழைய பதிவுகளைக் கேளுங்கள். திறந்த தொண்டை, நேரான கார்வை (சுரத்தை நீட்டி நிறுத்துவது), குழையாத சுரம். சாக்ஸபோனுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

வடக்கே, மங்களூரைச் சுற்றியுள்ள துளு நாட்டில் கோயிலிலும் கல்யாணத்திலும் நாகஸ்வரத்தின் இடத்தில் சாக்ஸபோன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இன்று கேரளத்தில் உள்ள காசர்கோடும் 1956 வரை தென் கன்னட மாவட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பதால், கேரளத்தின் வட எல்லைக்கு இந்த ஒலி அயல் அல்ல. நாகஸ்வரக்காரர்கள் இவ்வளவு எளிதாக இதற்கு மாறியதற்கு இயற்பியலிலும் காரணம் இருக்கிறது. இரண்டும் கூம்புக் குழல்கள். பலமாக ஊதினாலோ ஆக்டேவ் கீயை அழுத்தினாலோ சாக்ஸபோன் சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும், விரல் அதேதான். கிளாரினெட் உருளைக் குழல், அது பன்னிரண்டாவது சுரத்துக்குத் தாவும், ஆகவே மேல் ஸ்தாயிக்கு வேறு விரல் அடைவு. மத்திய (நடு) ஸ்தாயியில் பழகிய சங்கதியைத் தார (மேல்) ஸ்தாயியில் அதே விரலோடு வாசிக்க முடிவது சாக்ஸபோனின் பெரிய வசதி. இழப்பும் உண்டு. நாகஸ்வரத்திலும் குழலிலும் துளை விரலுக்கு அடியில் திறந்திருக்கிறது. சாக்ஸபோனில் எல்லாத் துளையையும் பேட் (மெத்தை) வைத்த மூடி மூடுகிறது. பாதித் துளை மூடுவது என்பதே இல்லை. அந்த வேலையைத் தாடையும் மூச்சும், மெதுவாக எழும்பும் கீயும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஆல்ட்டோவா டெனரா என்பதற்கு வருகிறேன். இதற்கு ரசனையை விடக் கணக்கு நன்றாகப் பதில் சொல்லும். ஆல்ட்டோ இ ஃபிளாட் கருவி, டெனர் பி ஃபிளாட் கருவி; அதாவது சி என்று எழுதியதை வாசித்தால் ஆல்ட்டோவில் இ ஃபிளாட்டும் டெனரில் பி ஃபிளாட்டும் ஒலிக்கும். ஒரு கட்டைச் சுருதிக்கு (பியானோவின் சி ஸட்ஜமாக) ஆல்ட்டோவில் உங்கள் ஸட்ஜம் ஏ, ஒன்றரைக் கட்டைக்கு பி ஃபிளாட், இரண்டரைக்கு சி, நான்குக்கு டி, ஐந்துக்கு இ. டெனரில் அதே வரிசை டி, இ ஃபிளாட், எஃப், ஜி, ஏ. இனி எல்லை. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் அதே ஸ்தாயியில் வாசிக்க வேண்டுமானால் ஆல்ட்டோவுக்கு மத்திய ஸட்ஜமே எட்டாது. ஒரு ஸ்தாயி ஏற்றித்தான் வாசிப்பீர்கள். டெனரில் மத்திய ஸ்தாயி முழுதும் கிடைக்கிறது, கீழே மந்த்ர (கீழ் ஸ்தாயி) தைவதம் வரை போகலாம். மந்த்ர பஞ்சமத்தைத் தொடப்போனால் அரைச் சுரம் போதவில்லை. அதையே ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றினால் டெனரின் கடைசிச் சுரம் மிகச் சரியாக மந்த்ர பஞ்சமத்தில் வந்து நிற்கும். பெண் குரல் ஐந்து கட்டையில் என்றால் ஆல்ட்டோவின் தாழ்ந்த எல்லைக்கு அரைச் சுரம் மேலே மந்த்ர பஞ்சமம் உட்கார்ந்திருக்கிறது, மேலே தார பஞ்சமத்தையும் தாண்டி இடம் இருக்கிறது. ஆகவே சித்ராவையும் ஜானகியையும் ஆல்ட்டோவில், யேசுதாஸையும் ஜெயச்சந்திரனையும் டெனரில் என்பது ஒரு நல்ல தொடக்க விதி. கையில் ஆல்ட்டோ மட்டும் இருந்தால் யேசுதாஸை ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள், தவறில்லை; ஆனால் அந்தக் குரலின் மார்பு ஒலி போய்விடும் என்று தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

கட்டை மாறினால் விரலின் சுகமும் மாறும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஓர் உதாரணம் பார்க்கலாம். 1990இல் வந்த ‘ஹிஸ் ஹைனஸ் அப்துல்லா’ படத்தில் ரவீந்திரன் இசையில் யேசுதாஸ் பாடிய ‘பிரமதவனம்’ ஜோக் ராகத்தில் அமைந்தது. ஜோக்கில் இரண்டு காந்தாரங்கள்: உயர்ந்தது அந்தரம், அதற்கு அரைச் சுரம் தாழ்ந்தது சாதாரணம். ஏறும்போது அந்தர காந்தாரம், இறங்கும்போது மத்யமத்திலிருந்து அந்தரத்தைத் தொட்டு மறுபடி மத்யமம் போய், சாதாரண காந்தாரம் வழியாக ஸட்ஜத்துக்கு விழும். அந்த விழுகையில்தான் ராகமே இருக்கிறது. இதை ஆல்ட்டோவில் ஒரு கட்டைக்கு வாசித்தால் அந்தர காந்தாரம் சி ஷார்ப், மத்யமம் டி, சாதாரண காந்தாரம் சி. சி ஷார்ப்புக்கு ஒரு விரலும் கீழே இல்லை; அடுத்த டிக்கு ஆறு விரலும் ஆக்டேவ் கீயும் அழுத்த வேண்டும். சாக்ஸபோனிலேயே கரடுமுரடான இடம் அது. ராகத்தின் உயிர் நிலையம் சரியாக அந்தப் பள்ளத்தில் வந்து விழுகிறது! ஒன்றரைக் கட்டைக்கு மாற்றினாலும் தப்ப முடியாது. அங்கே அந்தர காந்தாரமே டியாகிவிடும், சாதாரண காந்தாரம் சி ஷார்ப்பாகிவிடும். டெனரில் ஒரு கட்டைக்கு எடுத்தால் எஃப் ஷார்ப், ஜி, எஃப். எல்லாம் ஒரு கைக்குள், வெண்ணெயாக வழுக்கும். ஆக, உங்கள் வாசிப்பில் ஓரிடம் மட்டும் தொடர்ந்து வெட்டுப்படுகிறது என்றால், திறமையைச் சந்தேகிக்கும் முன் சுருதியை மாற்றிப் பாருங்கள். தனியாக வாசிக்கும்போது எந்தக் கட்டையும் உங்கள் விருப்பம்தானே.

கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பதற்கு, வழி என்ன? தாடையைத் தளர்த்தினால் சுரம் இறங்கும். மேல் ஸ்தாயியில் அரைச் சுரம், அதற்கு மேலும் இறக்கலாம், கீழே போகப் போக இந்தச் சலுகை குறையும். மேலே ஏற்றுவது மட்டும் கிட்டத்தட்ட முடியாது. அதனால் கமகத்தை எப்போதும் மேல் சுரத்தின் விரலில் வைத்துக்கொண்டு கீழே இறக்கி எடுக்கப் பழகுங்கள். நிஷாதத்தை ஸட்ஜத்தோடு சேர்த்து அசைக்க வேண்டுமானால் விரல் ஸட்ஜத்தில், தாடை நிஷாதத்தில். இதற்குக் கருவியே தேவையில்லாத ஒரு பயிற்சி உண்டு. மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதுங்கள். ஆல்ட்டோ மவுத்பீஸ் சாதாரணமாக ஏ சுரத்தில் பேசும், டெனர் ஜி சுரத்தில். அதை ஸட்ஜமாக வைத்து, உதட்டைக் கடிக்காமல், ஸ நி த ப என்று வாயாலேயே இறங்கி, அதே வழியில் ஏறுங்கள். முதல் வாரங்களில் பூனை கத்துவது மாதிரி இருக்கும், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அது வசப்பட்ட பிறகு ஜாரு (வழுக்கல்) தானாக வரும். கம்பிதம் (சுரத்தை அசைப்பது) வேறு விஷயம். அதற்குத் தாடை மட்டும் போதாது, அடுத்த விரலைப் பாதி எழுப்பி வைப்பதும் மூச்சின் அழுத்தத்தை அதோடு அசைப்பதும் சேர வேண்டும். இதை எழுத்தில் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. நாகஸ்வரமோ குழலோ வாசிப்பவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவருக்கு சாக்ஸபோன் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ராகத்துக்கு ராகம் இந்தத் தேவை மாறும். மோகனத்தில் அமைந்த பாட்டு என்றால் நிமிர்ந்த சுரங்களே பாதி வேலையைச் செய்துவிடும். இசையமைப்பாளர் பாபுராஜ் வேறு வகை. கோழிக்கோட்டு மெஹ்ஃபில்களில் (வீட்டு இசைக்கூடல்களில்) ஹார்மோனியத்தோடு வளர்ந்த இந்துஸ்தானிக் காது அவருடையது. 1964இல் ‘பார்கவி நிலையம்’ படத்துக்கு அவர் பீம்பிளாஸியில் போட்ட ‘தாமசமெந்தே வருவான்’ பாட்டுக்கு வேண்டியது நீண்ட மீண்டு, அதாவது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவசரமில்லாத இழைவு. தாடைக்கு அது மிக இயல்பு. கர்நாடகக் கம்பிதத்தை அங்கே திணித்தால் கெட்டுவிடும். இன்னொரு முனையில் 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்துக்காக எம்.ஜி. ராதாகிருஷ்ணன் ஆகிரி ராகத்தில் அமைத்த ‘பழந்தமிழ்ப் பாட்டிழையும்’. ஆகிரியின் சுரங்களைப் பியானோக் கட்டைகளில் நிறுத்திவைக்க முடியாது, அவை கட்டைகளுக்கு இடையில் வசிப்பவை. அதற்கு யாராவது நோட்டேஷன் தந்தால் அது முகவரி மட்டும்தான், வீடு அல்ல. நன்றாக வாசிப்பவர்களே அந்தப் பாட்டில் தயங்கித்தான் கால் வைப்பார்கள்.

நாக்கு பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பாதிதான். உங்கள் மேற்கத்தியப் பயிற்சியில் சுரத்தைத் தொடங்க நாக்கால் ரீடைத் தொடச் சொல்லியிருப்பார்கள். நாகஸ்வரத்தில் இதைத் துத்துகாரம் என்பார்கள், நாக்கு படாமல் மூச்சால் எடுப்பதை அகாரம் என்பார்கள். பாட்டு வாசிக்கும்போது எங்கே துத்துகாரம், எங்கே அகாரம் என்பதைச் சாகித்தியம்தான், பாட்டின் சொற்கள்தான், முடிவு செய்ய வேண்டும். நோட்டேஷனில் எட்டுச் சுரம் இருக்கலாம், ஆனால் அங்கே பாடப்படுவது மூன்று எழுத்துகளாக இருக்கும். எட்டுக்கும் நாக்கு வைத்தால் பாட்டு தட்டச்சாகிவிடும். ஒன்றுக்கும் வைக்காவிட்டால் களிமண்ணாகிவிடும். மலையாளத்தில் வல்லின ஒற்று அழுத்தமாக விழும் இடங்களில் நாக்கும் கொஞ்சம் அழுத்தமாக, மெல்லினம் வரும் இடத்தில் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். இதற்கு வரிகள் மனப்பாடமாக வேண்டும். நமக்கு அந்த மொழி முழுவதும் அந்நியமில்லை. தமிழ் லிபியில் எழுதிவைத்து, பாடகரோடு சேர்ந்து பாடிப் பாடி, எந்த எழுத்தில் அவர் மூச்சு எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் மூச்சு எடுக்காத இடத்தில் நீங்கள் எடுத்தால் உங்கள் மலையாளி நண்பருக்கு உடனே உறுத்தும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும். என் கணிப்பில் உங்கள் சிக்கலில் பெரும் பங்கு இதுதான், கமகம்கூட இரண்டாவதுதான்.

நீண்ட சுரத்தின் முடிவில் வரும் அதிர்வையும் விட்டுவிடுங்கள். கிரேடு தேர்வுகளுக்குப் பழக்கப்படுத்தியிருப்பார்கள், கென்னி ஜியின் சோப்ரானோ சாக்ஸபோனைக் கேட்டு ஊறியவர்களுக்கும் அது கைப்பழக்கம். யேசுதாஸின் கார்வை அசையாது. சுரம் நேராக நின்று, தேய்ந்து, அடங்கும். அதில் நீங்கள் அதிர்வைச் சேர்த்த கணமே பாட்டு ஓட்டல் வரவேற்பறைக்குப் போய்விடுகிறது. காணொளிகளில் ஊற்றும் எதிரொலியைப் பற்றியும் எனக்குக் கசப்பு உண்டு. அது குறைகளை மறைக்கும், அதைவிட மோசம், குறைகளை உங்களுக்கே மறைத்துவிடும். பயிற்சியின்போது எதிரொலி இல்லாத அறையில், தம்புரா ஒலியோடு மட்டும் வாசியுங்கள். கரோக்கி டிராக்கை முதல் நாளே போட வேண்டாம். அதன் தாளம் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும், சுருதியைக் கேட்கும் அவகாசம் இருக்காது.

கருவி வேறா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை, கடைகளில் கிடைக்கும் அதே கருவிகள்தான். மேடை வாசிப்புக்குக் கொஞ்சம் திறந்த மவுத்பீஸும் மெல்லிய ரீடும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு, வழுக்கலுக்கு அது உதவும், சுருதி நிற்பது கடினமாகும். இரண்டு அல்லது இரண்டரை எண் ரீடு போதும். நடு டி, இ சுரங்கள் பொதுவாகவே ஏறி நிற்கும் என்பதால் தம்புராவோடு அவற்றைத் தனியாகக் கவனியுங்கள். ஈரப்பதம் உள்ள ஊரில் ஜி ஷார்ப் பேட் ஒட்டிக்கொள்ளும். வாசித்த பின் துடைத்து, மெல்லிய தாளை இடையில் வைத்து எடுத்தால் சரியாகும். ரீடை மவுத்பீஸிலேயே விட்டுவைக்க வேண்டாம். இதற்கு மேல் செலவு செய்வதைத் தள்ளிப்போடலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், உங்களிடம் ஆல்ட்டோ இருப்பதால், 1986இல் வெளியான ‘நகக்ஷதங்கள்’ படத்துக்காக பாம்பே ரவி மோகனத்தில் அமைத்த, சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித்தந்த ‘மஞ்ஞள் பிரசாதவும்’ பாட்டை எடுங்கள். குரலின் எல்லை கருவிக்குள் அடங்கும், ராகம் கைகொடுக்கும், கவனம் முழுவதையும் நாக்குக்கும் மூச்சுக்கும் தரலாம். பல்லவியை மட்டும் முதலில் பாடுங்கள், பிறகு சொல்லை மனதுக்குள் ஓடவிட்டு ஊதுங்கள், பதிவு செய்து சித்ராவின் பதிவோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். அடுத்தது பாபுராஜ், மீண்டுக்காக. ‘பிரமதவனம்’ பாட்டை டெனர் கைக்கு வரும் வரை தள்ளிவைக்கலாம். ஆல்ட்டோவிலேயே வேண்டுமென்றால் இரண்டரைக் கட்டைக்கு மாற்றுங்கள், அப்போது ஸட்ஜம் சி, இரண்டு காந்தாரங்களும் இ, இ ஃபிளாட் என்று பள்ளத்தைத் தாண்டி ஒரே பக்கத்தில் நிற்கும். பல்லவியைப் பதிவு செய்து இங்கே போட்டால், எந்த எழுத்தில் நாக்கு தவறுகிறது என்று குறித்துச் சொல்கிறேன். எதிரொலி சேர்க்காமல் போடுங்கள்.